வாய் திறக்காத ரத்தக்காட்டேரி

1972 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்த 'தி நைட் ஸ்டாக்கர்' 74 நிமிடத் திகில் படம். ஸ்லாட் ஒன்றரை மணி நேரம், மிச்சமெல்லாம் விளம்பரம். அன்று அந்த நேரத்தில் டிவி ஓடிய வீடுகளில் பாதிக்கு மேல் இதைத்தான் பார்த்தன.

டிவி திகில் படத்துக்கு விளம்பரம்தான் முதல் எதிரி. பயம் ஏறி நிற்கும்போது சோப்பு விளம்பரம் வந்தால் எல்லாம் வடிந்துவிடும். ஜெஃப் ரைஸின், அப்போது அச்சேறாத நாவலைத் திரைக்கதையாக்கிய ரிச்சர்ட் மேத்திசன் இதற்கு நிருபரின் குரலைப் பிடித்துக்கொண்டார். லாஸ் வேகாஸ் நிருபர் கார்ல் கோல்சாக் (டேரன் மெக்கேவின்) டேப் ரெக்கார்டரில் பேசுகிறார்: செத்தவள் பெயர், தேதி, நேரம். க்ரைம் செய்தியின் முதல் பாரா மாதிரி. விளம்பரத்தில் அறுந்த இழையை இரண்டே வரியில் முடிச்சுப் போட்டுவிடலாம்.

தடயங்களும் செய்தி சேகரிக்கும் வரிசையிலேயே வருகின்றன. ஒரு பிணம் மணலில் கிடக்கிறது. சுற்றிலும் கொலையாளியின் கால்தடம் இல்லை. உடம்பில் ரத்தம் இல்லை. கழுத்துக் காயத்தில் மனித எச்சில் என்கிறார் போஸ்ட்மார்ட்டம் டாக்டர். அடுத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் திருடு போகிறது. 'காட்டேரி' என்ற சொல்லுக்கு வருவதற்குள் வேறு விளக்கங்களெல்லாம் நமக்கே தீர்ந்துபோயிருக்கும். சடாரென்று முகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

காட்டேரியாக வரும் பாரி ஆட்வாட்டருக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. சீறுவதோடு சரி. போலீஸ் சுட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஏன், எதற்கு என்று அவன் சொல்லாததால் கோல்சாக்கின் ஊகம் மட்டுமே நம் கையில். காட்டேரியின் வீட்டுக்குள் கோல்சாக் நுழையும் கட்டம்தான் படத்தின் உச்சம்: கட்டிலில் ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டு, உயிரோடு ரத்தக் கிடங்காக வைத்திருக்கிறான். வழக்கமான காட்டேரிப் படங்களின் மாளிகையும் மெழுகுவர்த்தியும் தராத குமட்டலை இந்தச் சாதாரண வீட்டு அறை தருகிறது.

முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடுங்கள்.

காட்டேரி நெஞ்சில் ஆப்பு அடித்த கோல்சாக்கை, கொலை வழக்குப் போடுவோம் என்று மிரட்டி ஊரைவிட்டே விரட்டுகிறார்கள். அச்சில் வருவது அதிகாரிகள் சொன்ன கதை.

கோல்சாக்கை வைத்து 1973 ஜனவரியில் வந்த இரண்டாம் படம் 'தி நைட் ஸ்ட்ராங்க்ளர்'. களம் சியாட்டில். 1889 தீ விபத்துக்குப் பிறகு தெருக்களை உயர்த்தியதில் பூமிக்கடியில் போன பழைய கடைகள் கதைக்கு அருமையான இடம். 21 ஆண்டுக்கு ஒருமுறை கொலைகள் என்ற கணக்கும் நன்றாகவே பிடிபடுகிறது. ஆனால் அங்கே வில்லன் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குகிறான். பயம் அங்கேயே போய்விடுகிறது.