நான்கரை லட்சத்துக்குள் பிரிட்டன்: நாங்கள் இருவரும் தயாரான விதம்

கும்பகோணத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கும், அதே ஊரில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் என் கணவருக்கும் வெளிநாடு என்று இதுவே முதல் பயணம். 2025 மே மாதக் கோடை விடுமுறையில் இலண்டன், யார்க், எடின்பரோ ஆகிய மூன்று ஊர்களை மட்டும் பார்ப்பது என்றும், விசாவுக்குக் கட்டும் பணம் முதல் வீடு திரும்பும் ஆட்டோ வரை இருவருக்கும் சேர்த்து நான்கரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்றும் பேசி வைத்துக்கொண்டோம். அந்தத் தொகைக்குள் முடிந்ததற்கு, போன இடத்தில் கையைச் சுருக்கியதைவிட, எதை முதலில் வாங்குவது, எதை விசா கைக்கு வரும்வரை தொடாமல் இருப்பது என்ற வரிசைதான் பெரிய காரணம். ஆகவே அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் குழுச் சுற்றுலாவைத்தான் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வரம்பைத் தாண்டியதோடு, அதன் மேல் பணம் வாங்கும்போதே வசூலிக்கும் 5 சதவீத டிசிஎஸ் வரியும் உண்டு என்றார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அப்போது முதல் ரூபாயிலிருந்தே அந்தப் பிடித்தம் இருந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை நம் பணம் முடங்கிக் கிடக்கும். விமானம், அறை, ரயில் என்று தனித்தனியாக நாமே பதிவு செய்தால் அது தொகுப்பு ஆகாது; அத்தகைய செலவுக்கு அந்தப் பிடித்தம் தொடங்கும் வரம்பை எங்களைப் போன்றவர்களின் செலவு நெருங்குவதே இல்லை. ஆகவே நாங்களே திட்டமிடுவது என்று தீர்மானித்தோம்.

பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்துதான் பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் பிப்ரவரி மாதத்தில் தொடங்கினோம். ஆறு மாதம் செல்லுபடியாகும் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவுக்கு அப்போது ஒருவருக்கு 115 பவுண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 9 முதல் அது 127 ஆக உயர்ந்தது. கணவன் மனைவி என்றாலும் விண்ணப்பமும் கட்டணமும் தனித்தனி. இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசாக்களும் உண்டு. எதிர்காலத்துக்கு உதவும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். முதல் பயணத்துக்கே கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்த யோசனை ஒத்துவராது.

விண்ணப்பத்தைப் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நாமே நிரப்பலாம். பெற்றோர் பெயர், மாத வருமானம், மாதச் செலவு, இந்தப் பயணத்துக்கு எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள், கடந்த பத்தாண்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குச் சென்றீர்கள் என்று கேள்விகள் நீளுகின்றனவே தவிர, எதுவும் புரியாததல்ல. உள்ளபடி யோசித்து எழுத வேண்டியது செலவுத் தொகையைத்தான். மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறவர் இந்தப் பயணத்துக்கு இவ்வளவு செலவழிப்பது இயல்பானதா, முடிந்ததும் ஊர் திரும்புவாரா என்ற இரண்டைத்தான் விசா அதிகாரி பார்க்கிறார் என்பது விதிகளைப் படித்தாலே விளங்கிவிடும். திரும்பி வருவதற்கு என் தரப்பில் பள்ளி கொடுத்த கடிதம் இருந்தது. விடுமுறை முடிந்து ஜூன் தொடக்கத்தில் நான் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதி வாங்கினேன். கணவருக்கு ஜிஎஸ்டி பதிவுச் சான்று, மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகள், அச்சகத்தின் நடப்புக் கணக்கு விவரம் ஆகியவற்றை வைத்தோம்.

எங்கள் சேமிப்புக் கணக்கில் டிசம்பர் மாதம் சீட்டுப் பணம் மொத்தமாக வந்து விழுந்திருந்தது. விண்ணப்பத்துக்கு முன்பு திடீரென்று ஏறும் பெரிய தொகை, கடன் வாங்கிக் காட்டியதோ என்ற ஐயத்தை எழுப்பும். ஆகவே பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்திடம் பட்டுவாடா விவரத்தை எழுத்தில் வாங்கி, மாதாமாதம் நாங்கள் கட்டி வந்தது வங்கி விவரத்தில் தெரியும் வரிகளுக்கு அருகில் அடையாளமிட்டு, அரைப் பக்க விளக்கக் கடிதத்துடன் இணைத்தோம். வீட்டுப் பட்டா தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது; மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விமானப் பதிவும் ஓட்டல் பதிவும் இல்லாமல் விசா கிடைக்காது என்று சொல்லி, 'டம்மி டிக்கெட்' எடுத்துத் தருவதற்கே தனிக் கட்டணம் கேட்கும் ஏஜென்டுகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பிரிட்டன் அரசு வெளியிட்டுள்ள துணை ஆவண வழிகாட்டியில், சான்றாக இணைக்கத் தேவையற்றவற்றின் பட்டியலிலேயே ஓட்டல் பதிவும், பிரிட்டன் வழியாக வேறு நாட்டுக்குச் செல்வோர் தவிர மற்றவர்களின் விமானப் பதிவும், பயணக் காப்பீடும் வருகின்றன. நாங்கள் இம்மூன்றில் ஒன்றையும் இணைக்கவில்லை. எந்தெந்த ஊரில் எத்தனை இரவு, உத்தேசமாக என்ன செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்ததோடு சரி.

ஆவணங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து பதிவேற்றிவிட்டு, விசா விண்ணப்பங்களைப் பெறும் சென்னை விஎஃப்எஸ் மையத்துக்குச் சென்று கைரேகையும் புகைப்படமும் கொடுத்தோம். குறுஞ்செய்தித் தகவல், கூரியர், தனிக் காத்திருப்பு அறை என்று முன்பதிவின்போது வரும் கூடுதல் சேவைகள் எதுவும் கட்டாயமில்லை. வழக்கமான கால அளவு மூன்று வாரம். எங்களுக்கும் அதற்குள் பாஸ்போர்ட் விசாவுடன் வந்துவிட்டது.

அன்று மாலையே விமானச் சீட்டு எடுத்தோம். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் போவதைவிட, திருச்சியில் ஏறிக் கொழும்பில் மாறி ஹீத்ரோவில் இறங்கும் ஸ்ரீலங்கன் விமானம் எங்களுக்கு மலிவாகவும் வீட்டுக்கு அருகிலும் அமைந்தது. மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் அங்கே பொது விடுமுறை என்பதால், அறை வாடகை ஏறும் அந்த இரண்டு வார இறுதிகளுக்கும் இடையில் எங்கள் பயணத்தைப் பொருத்திக்கொண்டோம். எடின்பரோவுக்கு ஆகஸ்டில் செல்லவே கூடாது; விழாக் காலத்தில் அங்கே அறை கிடைப்பதே அரிது.

அடுத்து ரயில். அங்கே தொலைதூர ரயில்களில் 'அட்வான்ஸ்' எனப்படும் மலிவான சீட்டுகள் ஏறத்தாழ 12 வாரங்களுக்கு முன்பு திறக்கின்றன. நாள் நெருங்க நெருங்க விலை ஏறிக்கொண்டே போகும். கணவன் மனைவியாகச் செல்பவர்களுக்கென்றே செய்து வைத்தது போல 'டூ டுகெதர்' என்றொரு ரயில் அட்டை உண்டு. இருவர் பெயரும் படமும் உள்ள அந்த அட்டைக்கு ஆண்டுக்கு 35 பவுண்டு. இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வேலை நாட்களில் காலை 9:30க்கு முன்பு மட்டும் செல்லாது. சுற்றுலாப் பயணிகளும் அதை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இலண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க், யார்க்கிலிருந்து எடின்பரோ, அங்கிருந்து மறுபடி இலண்டன் என்று மூன்று பயணத்திலேயே அட்டையின் விலையைவிடக் கூடுதலாக மிச்சமானது. ரயில் நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் எடுத்ததால் பதிவுக் கட்டணமும் இல்லை. வடக்கு நோக்கிச் செல்லும்போது வலப்புற ஜன்னல் இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். பெரிக் நகரத்தை ஒட்டிக் கடல் வெகு தூரம் உடன் வருகிறது.

இலண்டனில் தங்க ஈஸ்ட் ஹாமில் சமையலறை வசதியுள்ள ஓர் அறையை எடுத்தோம். நகர நடுவில் கேட்ட வாடகையில் ஏறத்தாழப் பாதிதான் ஆனது. தெருவில் இறங்கினால் தோசைக் கடையும் மளிகைக் கடையும் முருகன் கோயிலும் இருக்கும் வட்டாரம் அது. ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் வர எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 25 பவுண்டு, எலிசபெத் லைன் ரயிலுக்கு 13.90, பிக்காடிலி லைன் சுரங்க ரயிலுக்கு 5.80 என்பது அப்போதைய நிலவரம். பிக்காடிலியில் ஏறி, ஹாமர்ஸ்மித்தில் அதே நடைமேடையின் எதிர்ப்புறத்தில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினோம். நேரம் அதிகம் பிடித்தாலும் பெட்டியோடு படி ஏற வேண்டியிருக்கவில்லை.

இலண்டனுக்குள் தனிப் பயண அட்டை வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செல்லும் வங்கி அட்டையே போதும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் நகர நடுவை ஒட்டிய முதலிரண்டு கட்டண மண்டலங்களுக்குள் அப்போது 8.90 பவுண்டுக்கு மேல் பிடிக்கவில்லை. வார உச்சவரம்பும் உண்டு. அது திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கிடப்படுவதால் நாங்கள் திங்களன்று இறங்குமாறு சீட்டு எடுத்தோம். இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். ஒரே அட்டையை இருவரும் தொட முடியாது. நம் வங்கிகளின் சாதாரண அட்டைகள் பலவற்றில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் இருப்பதால், பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டை இரண்டு வாங்கினோம். பேருந்துக்கு அப்போது 1.75 பவுண்டு, முதலில் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே கட்டணம்தான். மாடிப் பேருந்தின் முன் இருக்கையில் அமர்ந்து ஊரைப் பார்ப்பதற்குத் தனியாகச் சுற்றுலாப் பேருந்து எதற்கு என்பது என் கட்சி.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துச் சென்றோம். பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டு செல்லத் தடை என்பதால் நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டோம். மதியத்துக்குப் பெரிய கடைகளில் சாண்ட்விச், நொறுக்குத் தீனி, பானம் மூன்றும் சேர்ந்து சுமார் நான்கு பவுண்டுக்குக் கிடைக்கும். உணவகங்களின் ரசீதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் விருப்பத்துக்கு உட்பட்டது. வேண்டாம் என்று சொல்லி நீக்கச் சொல்லலாம்.

பார்த்தவற்றில் பெரும்பகுதிக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, சயின்ஸ் மியூசியம், எடின்பரோவின் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் எல்லாம் இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் அறையில் சோழர் கால நடராசர் நிற்கிறார். சுவாமிமலைப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அங்கிருந்து எளிதில் நகர முடியவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் மாலை வழிபாட்டுக்குக் கட்டணமின்றிச் சென்று பாடகர் குழுவைக் கேட்டோம். அது வழிபாடு என்பதால் அங்குமிங்கும் நடந்து பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. யார்க்கில் பழைய மதில் மேல் நடப்பதும் இலவசம், ரயில்வே அருங்காட்சியகமும் இலவசம். நீராவி எஞ்சின்களில் 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் உலகச் சாதனை படைத்த மல்லார்டின் அருகில்தான் என் கணவரை அதிக நேரம் தேட வேண்டியிருந்தது. எடின்பரோவில் கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறினோம். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. மே மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையுடன் போகாதீர்கள்.

பணம் கொடுத்துப் பார்த்தவை இரண்டே: டவர் ஆஃப் லண்டன், லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம். இரண்டாவது எங்கள் பட்டியலில் முதலில் இல்லை; ரயில் அட்டையில் மிச்சமான தொகை அங்கே போயிற்று. ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது மொத்தச் செலவு 4,38,000 ரூபாய் அளவில் நின்றது. அதில் விமானமும் தங்குமிடமும் மட்டுமே அறுபது சதவீதத்துக்கு மேல்.