தண்ணி குடிங்கண்ணா

"ராத்திரி ஒரு மணிக்குப் பசிச்சா என்ன பண்றது சிஸ்டர்?" என்று கேட்டார், ராத்திரிச் சோறு வேண்டாம் என்று நான் சொல்லியிருந்த சர்க்கரை நோயாளி ஒருவர். "தண்ணி குடிங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

டீ பேக்டரி எப்படி ஓடும் என்று கோத்தகிரியில் இருந்துகொண்டு தெரியாது என்று சொல்ல முடியாது. சாயங்காலம் வந்த பச்சை இலை தொட்டியில் வாடிக் கிடக்க, ஊர் தூங்கும் நேரத்தில்தான் இலையை நசுக்கும் சிடிசி மிஷின் ஓடும், அதைக் காயவைக்கும் டிரையர் விறகில் எரியும். இவர் டிரையர் ஆள், பல வருஷமாக ராத்திரி வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.9. டிபன் பாக்ஸில் என்ன என்று கேட்டேன், சோறும் குழம்பும் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் அப்போதுதான் 2021-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்திருந்தேன். 19 பேரை இரண்டு வாரம் ஆய்வகத்தில் வைத்து, ராத்திரி வேலை மாதிரியே விழிக்க வைத்தார்கள். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சொல்லும்படி ஏறவில்லை. மூளையில் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது, ஈரல் சாப்பாடு வரும் வேளையைப் பார்த்து. இருட்டில் மெலடோனின் ஏறியிருக்கும்போது கணையம் இன்சுலினைத் தாராளமாக விடாது, அதனால் மத்தியானம் சாப்பிடும் அதே சோறு நடுராத்திரியில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. (நான் நைட் டியூட்டியில் இரண்டு மணிக்கு டீயில் வர்க்கியைத் தொட்டுத் தின்பவள் என்பது வேறு கதை.)

நாலாவது ராத்திரி டிரையர் பக்கத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. கூட இருந்தவர்கள் சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. சீட்டில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை, "இரவு, உணவுக்கு முன்" என்று இருந்தது. அவருக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் ஒரு மணிக்குத்தான். சோற்றை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டார். எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சீட்டு எழுதியது டாக்டர்தானே, மாத்திரை கொடுத்த இடத்திலும் யாரும் கேட்கவில்லையே என்று ஒரு மனசு சொல்லும். ஆனால் சாப்பாட்டில் கை வைத்தது நான்தானே. அந்த 19 பேரும் ஆரோக்கியமான இளைஞர்கள். யாரும் மாத்திரை போட்டவர்கள் இல்லை, விறகு தள்ளியவர்களும் இல்லை. அதைப் படிக்கும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை.

மறுநாள் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க சொன்னபடிதான் இருந்தேன் சிஸ்டர், தண்ணி மட்டும்தான் குடிச்சேன்" என்று, ஏதோ அவர் தப்பு செய்துவிட்ட மாதிரி சொன்னார். அப்புறம் டாக்டர் மாத்திரையை மாற்றினார். வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் பசித்தால் கொஞ்சம் சுண்டல் என்று ஏற்பாடு. அதுவும் சரிதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஜனவரி கடைசியில் மறுபடி பார்த்தபோது 8.3. "எல்லாம் நீங்க சொன்னதாலதான்" என்று சிரித்தார். அந்தச் சமயம் பனி, இலை வரத்து இல்லை, பேக்டரியில் ராத்திரி வேலை வாரத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறார். மாத்திரையும் வேறு. எது குறைத்தது என்று யார் சொல்வது?

நானும் சிரித்தேன். மறுத்து எதுவும் சொல்லவில்லை.