டாக்டருக்கு முன்னால் சிஸ்டர்

கோபி பக்கம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பாதி வைத்தியம் சிஸ்டரிடம் முடிந்துவிடும். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "ஏனுங்காத்தா, மாத்திரை தெனமும் போடறீங்களா, தலை சுத்துனா மட்டுந்தானா?" என்று கேட்பார். டாக்டரிடம் "போடறனுங்க" என்று தலையாட்டும் அதே ஆத்தா, இவரிடம் மட்டும் "தறி ஓடற ஊட்டுல எங்க கண்ணு நேரம்" என்று உண்மையைக் கக்கிவிடுவார்.

என் பெரியப்பா வயிற்றில் ஒரே இடத்தில் இன்சுலின் குத்திக் குத்தி அங்கே தடித்துப்போய்விட்டது, அப்படி இருந்தால் மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது என்று தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து, இடம் மாற்றிப் போடச் சொல்லிக் கொடுத்தது இவர்தான். சர்க்கரைக்காரர்கள் வந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லி விரலிடுக்கு வரை பார்ப்பார். மஞ்சள் காட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத் திட்டு தனி! இவரைப் போய்ச் சிலர் 'ஊசி போடற பொண்ணு' என்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு அவரிடம் பேச்சே கொடுக்க முடியாது. அப்புறம் ஒரு விஷயம், ஊசி போட்டதும் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீங்க மக்களே, அரை மணி நேரம் உட்காரச் சொல்வது ஒவ்வாமை ஏதும் வந்தால் அங்கேயே பார்க்கத்தான்.