ஆயா திருப்பிய காகிதம்

அந்த ஒலிப்பதிவைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். முதலில் ஆயாவின் குரல்: "இங்க." அப்புறம் காகிதம் சரசரக்கிறது. மறுபடியும் அவர்: "இங்கதான் கண்ணு." நான் காகிதத்தைத் திருப்பியது அந்தச் சரசரப்பின்போதா, அதற்கு முன்பேயா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கேட்டோ மேனர் என்ற பகுதியில் முன்பு யார் வீடு எங்கே இருந்தது என்று வரைபடத்தில் குறிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு. 1958இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து எல்லோரையும் கிளப்பிய கதையை டர்பன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய சாட்ஸ்வொர்த்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கதைதான்.

பழைய வான்வழிப் படத்தைக் கணினியில் ஏற்றி, இன்றும் நகராமல் இருக்கிற சாலை முக்கு, பாலம், கோவில் மூலை இவற்றோடு பொருத்த வேண்டும். அன்றைய நில அளவைப் படங்கள் கேப் டேட்டத்தில், அதாவது இடங்களை அளக்கப் பயன்பட்ட பழைய அடிப்படைக் கணக்கில், இருக்கும். 1999 முதல் இந்த நாட்டுக்கு ஹார்டெபீஸ்தூக்94 என்ற புதிய கணக்கு. மாற்ற மறந்தால் ஒரு தெருவே நகர்ந்துபோகும். நான் மறக்கவில்லை. என் பொருத்தத்தில் பிழை ஆறு மீட்டர். அந்த ஆறு மீட்டரில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

ஆயாவின் சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தை விரித்தேன். அவர் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு, காகிதத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து அப்படியே தலைகீழாகத் திருப்பினார். "வாசப்படில நின்னு பாத்தா ஓட இப்படித்தானே போவும்" என்றார். பிறகு இரண்டு விரல்களைக் கால்கள் மாதிரி நடக்கவிட்டார். கோவிலிலிருந்து இறக்கம், கடை, ஒரு மாமரம், அங்கே கொஞ்சம் நின்று, அப்புறம் ஓடை. "வடக்கு மேல இருக்கணும் ஆயா" என்று சொல்லி நான் திருப்பி வைத்தேன். கடைசியில் அவர் விரல் இருந்தது ஓடைக்கு அக்கரையில்.

என்னிடம் இருந்ததோ அவர் அப்பா பேரில் ஒரு ரேட்ஸ் ரசீது, சொத்து வரி கட்டியதற்கு. அதிலிருந்த மனை எண் இக்கரையில் வந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அதுவாத்தான் இருக்கும். நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இக்கரையில் புள்ளி வைத்தேன். அட்டவணையில் 'சரிபார்த்தது' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று போட்டேன்.

என் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி என்பது நாங்கள் முதலிலேயே பேசி முடித்தது. ஞாபகத்தை மட்டும் நம்பினால், ஒரே மாமரத்தை மூன்று குடும்பங்கள் மூன்று இடத்தில் காட்டுகின்றன. எதையாவது ஒன்றை ஊன்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். ரசீது ஊன்றத் தக்கதுதான்.

ஆனால் அந்த ரசீது வீட்டுக்கா, காய்கறித் தோட்டத்துக்கா? நான் கேட்கவே இல்லை. டர்பனில் இந்தியர்களுக்கு எதிராக நடந்த 1949 ஜனவரிக் கலவரத்துக்குப் பிறகு இடம் மாறிய குடும்பங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். என் படமோ அதற்கு முந்தியது. அதையும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிதாக ஒன்று இப்போது உறுத்துகிறது. ரசீது இருந்தவர்களின் வீடுதான் எங்கள் படத்தில் உறுதியாக நிற்கிறது. வாடகைத் தகரக் கொட்டகையில் இருந்த நம்மவர்களுக்கு மனை எண் ஏது? அதே உம்கும்பானே ஓடையோரம் ஆயிரக்கணக்கில் குடிசை போட்டிருந்து, நகருக்கு வெளியே க்வாமாஷு குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு ஏது? காகிதத்தை ஊன்றுகோலாக வைத்தால், காகிதம் கிடைக்காமல் போனவர்கள் இன்னொரு தடவை காணாமல் போகிறார்கள். அப்படியென்றால் ஆறு மீட்டர் என்பது யாருடைய ஆறு மீட்டர்?

வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று அத்தனை நிச்சயமாக ஏன் சொன்னேன் என்றும் யோசிக்கிறேன். இந்த நாட்டின் நில அளவைக் கணக்கில் எக்ஸ் தெற்கே போகப் போகக் கூடும், ஒய் மேற்கே கூடும். டர்பனுக்கு 31 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட லோ31 பட்டை. அந்த எண்களைத்தான் நான் நாள் முழுக்கத் தட்டுகிறேன். ஆயா தெற்கை மேலே வைத்தது அந்தக் கணக்குக்கு அன்னியமே இல்லை. வடக்கு என் பள்ளிக்கூட அட்லஸிலிருந்து வந்த பழக்கம்.

இத்தனைக்குப் பிறகும், ரசீது சொன்னதே சரியாக இருக்கலாம். ஆயா ஒத்துக்கொண்டது மரியாதைக்கு என்று நானாக எடுத்துக்கொள்கிறேனோ என்னவோ. நிஜமாகவே பார்த்துத் தெளிந்துதான் சொன்னாரோ? அக்கரையில் இரண்டாவது புள்ளி வைக்கலாமா என்று குழுவில் கேட்டேன். ஒரே குடும்பத்தை இரண்டாக எண்ண முடியாது என்றார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை.

போன வாரம் அந்தக் கோப்பைத் திறந்து 'ஆம்' என்பதை அழித்தேன். 'இல்லை' என்று போடவும் மனம் வரவில்லை. கட்டம் காலியாக இருக்கிறது. இப்போதும் மற்ற வீடுகளில் வடக்கை மேலே வைத்துத்தான் படத்தை விரிக்கிறேன். யாராவது திருப்பினால் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.