கவுண்ட் ஏறினால் எதிர்ப்பு சக்தியா?

கோத்தகிரியில் குளிர் தொடங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட்டுகள் வரிசையாக வரும். "கவுண்ட் 12,400 இருக்கே, எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்று சித்தி கேட்டார். அப்படி இல்லை. கவுண்ட் என்பது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் இருக்கும். அதைத் தாண்டினால் உடம்பு எதனுடனோ மல்லுக்கட்டுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம், கர்ப்பம் இவற்றாலும் ஏறும்.

என்னைக் கேட்டால், மொத்த எண்ணுக்குக் கீழே, வெள்ளை அணுக்களை வகை வகையாகப் பிரித்துப் பொடி எழுத்தில் போட்டிருக்கும் வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வகை ஏறினால் பெரும்பாலும் பாக்டீரியா. லிம்போசைட் ஏறினால் வைரஸ் பக்கம் சந்தேகம் போகும். ஈசினோஃபில் என்றால் அலர்ஜி, இல்லாவிட்டால் குடற்புழு. சித்திக்கு அது 14 சதவீதம். 12,400-க்குக் கணக்குப் போட்டால் 1,736. 500-ஐத் தாண்டினாலே அதிகம். தேயிலைத் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர் அவர். கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாகவே உள்ளே போகும். மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கக் கிளம்பியவரை, "முதல்ல டாக்டரைப் பாருங்க சித்தி, மலப் பரிசோதனையும் கேளுங்க" என்று நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம், கவுண்ட் இறங்குவதையும் சாதாரணமாக விடக்கூடாது. டெங்கு, டைஃபாய்டில் குறையும். காய்ச்சலோடு நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிதான். பஸ் ஸ்டாண்டில் கவுண்ட் ஏற்றும் நெல்லிச்சாறு என்று பாட்டில் விற்கிறார்கள். நெல்லிக்காய் நல்லதுதான், ஆனால் அந்த விலைக்கு இல்லை.