தறிக்குழியை மூடுவதற்கு முன்: சேலத்து நெசவாளர் வீடுகள்

அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் பழைய நெசவாளர் வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் போவது தறிக்குழிதான், அதாவது நெய்பவர் காலை விட்டு உட்காரத் தரையில் தோண்டிய குழி. திண்ணைத் தூணையும் நிலைக்கதவையும் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். குழியில் செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தூணும் கதவும் எந்த ஊர் வீட்டிலும் கிடைக்கும். குழி இருந்தால்தான் அது நெசவாளர் வீடு.

அந்த வீட்டின் அளவுகள் எல்லாம் குழியிலிருந்துதான் தொடங்குகின்றன. நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறார். குழி சுமார் இரண்டரை அடி ஆழம் இருக்கும். உட்கார்ந்தவரின் கண்ணும் தரையிலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். அறுந்த இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் தாழ்வாக, பக்கவாட்டில் வர வேண்டும். அதனால்தான் தறி ஓரத்துச் சன்னலைத் தரையை ஒட்டி இறக்கி வைத்தார்கள். "இது என்ன இவ்வளவு கீழே" என்று அதைப் பாதி அடைத்துவிடும் வீடுகள் நிறைய.

அறையின் நீளத்துக்குக் காரணம் பாவு, அதாவது துணியின் நீளவாட்டில் ஓடும் இழைகள். பழைய முறையில் பாவைச் சுற்றி வைக்கத் தனி உருளை கிடையாது. பாவு அறையின் மறுகோடி வரை நீண்டு கிடக்கும். அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு அங்கே நட்ட முளையைச் சுற்றித் திரும்பி, நெய்பவர் கைக்கு எட்டும் இன்னொரு முளைக்கு வரும். நெய்ய நெய்யக் கயிற்றைக் கொஞ்சம் நெகிழ்த்துவார், துணியைப் படைமரத்தில் சுற்றிக்கொள்வார். முளைகளைப் பிடுங்கிய பிறகும் தரையில் அந்தத் துளைகள் இருக்கும். தூசியைப் பெருக்கிவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரியும். பூவேலைக்காக இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி வந்த காலத்தில் தறிக்கு மேலே உயரம் தேவைப்பட்டது. சில வீடுகளில் பரண் பலகையை அந்தப் பெட்டி அளவுக்கு மட்டும் அறுத்திருப்பார்கள். அந்த வெட்டைப் பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

மண்ணும் சாணமும் மெழுகிய தரைக்கும் வேலை இருந்தது. பருத்தி நூல் ஈரப்பதம் இருந்தால் வலுவாக இருக்கும், காய்ந்தால் படபடவென்று அறும். சேலத்துச் சித்திரை வெயிலில் தரையை ஒட்டி நீளும் பாவுக்கு மண்ணின் குளிர்ச்சிதான் காப்பு. பின்தாழ்வாரத்தில் ராட்டை, அங்கே பெண்கள் குறுக்கு இழைக்கான நூலைத் தாராகச் சுற்றுவார்கள். கஞ்சி போட்டுப் பாவு நீட்டும் வேலை மட்டும் வீட்டுக்குள் அடங்காது, அதற்கு ஊர்ப்பொதுவாகப் பாவடி வைத்தார்கள். பாவடிப் பெயர்கள் சேலத்தில் இன்றும் வழக்கில் இருக்கின்றன, பாவு நீட்டுவது மட்டும் அரிதாகிவிட்டது.

தறிக்கு வரி போட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகளே 'தறியிறை' என்று சொல்கின்றன. 1792-ல் சேலம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதன்பிறகு கம்பெனி இங்கே துணி கொள்முதலுக்கென்றே அதிகாரி வைத்திருந்தது. இந்த வீடுகளின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1906-ல் நடந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் மேற்பார்வையில் சென்னை மாகாண அரசு சேலத்தில் ஒரு நெசவுக்கூடம் திறந்தது. கயிற்றை இழுத்தால், குறுக்கு இழையைக் கொண்டு போகும் நாடா தானே ஓடும் தறிகளைப் போட்டு, நெசவாளர்களை ஒரே கூரையின்கீழ் கூலிக்கு அமர்த்திப் பார்த்தார்கள். வீட்டுத் தறியை விட்டு அங்கே போய் வேலை செய்ய நெசவாளர்களுக்கு மனமில்லை. லண்டனிலிருந்து வந்த கொள்கை முடிவால் 1910-ல் கூடத்தை மூடிவிட்டார்கள். தார் சுற்றுபவரும் பாவு இழைகளைப் பிணைப்பவரும் ஒரே குடும்பமாக இருக்கும்போது, அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்துக் கூடத்தில் உட்கார வைத்தால் வேலை எப்படி ஓடும்? வீடேதான் தொழிற்கூடம். அதற்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது இந்தக் குழிகள். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சிதான். அதை நெய்த அறைகளைக் காப்பாற்றுவது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

பழுது பார்க்கும்போது பெரிய கேடு சிமென்ட். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெளிப்புறமாக ஆற்றிவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சு உப்பிக்கொண்டு விழும். விழும்போது சுவர் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வாரமாவது சாக்கு கட்டி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடு மாற்றினால் 100 சதுர அடிக்கு 140 முதல் 150 மங்களூர் ஓடு பிடிக்கும். பழைய ஓட்டின் அடியில் கம்பெனி முத்திரை இருந்தால் நாலைந்தைத் தனியே எடுத்து வையுங்கள், கூரை எந்தக் காலத்தது என்று கணிக்க உதவும். விசைத்தறி போடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேறு கொட்டகையில் போடுங்கள். அதன் அதிர்வை மண்சுவர் தாங்காது.

குழியில் தண்ணீர் ஊறுகிறது என்றுதான் பலர் மூடுகிறார்கள். பல வீடுகளில் அதற்குக் காரணம் தெருவில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து, வாசற்படி தாழ்ந்துவிட்டது. முதலில் மழைநீரை வாசலிலேயே திருப்பி விடுங்கள். குழியின் பக்கங்களைச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, அடியில் மணல் மட்டும் பரப்புங்கள். அடியிலும் சிமென்ட் போட்டு அடைத்தால் ஈரம் சுவருக்கு ஏறும்.

அறையைப் புழங்கத்தான் வேண்டும் என்றால் குழியின் விளிம்பில் சட்டம் வைத்து மேலே பலகை போடலாம். அதற்கும் வழியில்லையா? முதலில் அளவெடுங்கள்: குழியின் நீளம், அகலம், ஆழம், குழியிலிருந்து முளைத்துளை வரை தூரம், சன்னல் அடிக்கட்டை உயரம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பிறகு குழிக்குள் கெட்டித் துணி விரித்து, காய்ந்த ஆற்றுமணலை நிரப்பி, மேலே சாந்தில்லாமல் கல் பரப்பச் சொல்லுங்கள். "மேஸ்திரி, கான்கிரீட் வேண்டாங்க, மணலே போதும்" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மணலை ஒரே நாளில் அள்ளிவிடலாம். கான்கிரீட்டை உடைத்தால் குழியின் விளிம்பும் சேர்ந்து போகும்.