சுருதி பிடித்திருந்த பெண்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் வயலின் வகுப்பு. எட்டே முக்காலுக்கே ஐந்தாறு பிள்ளைகள் வந்து பாய் விரித்துவிடுவார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் பாடத்தைத் தொடங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, என் தங்கை மகள் அனுப்பிய கச்சேரிப் பதிவைப் போட்டேன். ஒன்பது பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தங்கை மகள் எஸ்தோனியாவில், தார்த்து நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். கச்சேரிக்கு நேரில் போயிருக்கிறாள்; நடத்தியவர்கள் பதிவை இணையத்தில் வைத்ததும் எனக்கு அனுப்பினாள். "பெரியம்மா, வாசிக்கும் நால்வருக்கும் என் வயதுதான் இருக்கும். இரண்டாவது உருப்படியைக் கட்டாயம் கேளுங்கள்" என்று கீழே எழுதியிருந்தாள். நான் அதை வியாழக்கிழமை இரவு கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவு மறுபடியும் கேட்டேன். அதற்குப் பிறகு தனியாகக் கேட்க மனம் வரவில்லை.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்கள் இருந்த இடமே தெரியவில்லை. எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஐயா ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கர்நாடக சங்கீதம்தான். மேற்கத்திய இசையை நான் முறையாகப் படித்ததில்லை. ஆகவே இது அந்த இசையை அறிந்தவர் எழுதும் விமர்சனம் இல்லை. அடிநாதம் பிடிக்கும் சுருதிப் பெட்டியோடு வாழ்ந்த ஒருத்தியின் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. கையசைத்து நடத்துபவர் யாரும் இல்லை. முதல் வயலின்காரர் மூக்கால் மெல்ல மூச்சிழுக்கிறார். அந்த மூச்சிலேயே எடுப்பு எங்கே, காலம் என்ன என்பது மற்ற மூவருக்கும் தெரிந்துவிடுகிறது. நம் மேடையில் மிருதங்கக்காரர் பாடகரின் தோளைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே கவனம். இங்கே நால்வருக்கும் நால்வர் மேலும் அந்தக் கவனம் இருக்கிறது.

இரண்டாவது உருப்படி எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1977இல் எழுதிய 'ஃபிராட்ரெஸ்'. லத்தீனில் சகோதரர்கள் என்று பொருள். பல வாத்தியங்களுக்கு அதை மாற்றி எழுதியிருக்கிறார். இவர்கள் வாசித்தது நால்வருக்கான வடிவம். தொடங்கியதுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் வயலின் வாசித்த பெண் இரண்டு கம்பிகளைச் சேர்த்து ச-ப பிடிக்கிறாள். முழு உருப்படிக்கும், ஏறக்குறைய பத்து நிமிடம், அவளுக்கு வேலை அது ஒன்றுதான். நம் தம்புராவின் வேலை. மற்ற மூவரும் அதன் மேல் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மெட்டு இன்னும் சற்றுக் கீழிருந்து தொடங்குகிறது. இடையிடையே யாரோ தொலைவில் கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு கேட்கிறது.

பாதியில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என் முழங்கையைத் தொட்டான். "டீச்சர், இது மாயாமாளவகௌளையா?"

சரளி வரிசை என்ற முதல் பாடத்தைப் பிள்ளைகள் பயிலும் ராகம் அது. நான் பதிவை நிறுத்தினேன். வியாழக்கிழமை எனக்கும் அதே சந்தேகம் வந்து, வயலினை எடுத்து ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பார்த்திருந்தேன். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம் எல்லாம் சரி. நிஷாதம் மட்டும் காகலி இல்லை, அதற்குச் சற்றுக் கீழே உள்ள கைசிகி. அப்படியானால் வகுளாபரணம், பதினான்காவது மேளம், அதாவது தாய் ராகம். மேற்கத்தியர்கள் அதற்கு வேறு பெயர் வைத்து, வேறு ஸ்வரத்திலிருந்து எண்ணுவார்கள். ஆனால் அந்தப் பெண் ச-ப பிடித்திருக்கும்போது நம் காதுக்கு அது வகுளாபரணம்தான். சரளி வரிசை முடித்து இரண்டு வருடமான பையன் ஒரே ஒரு ஸ்வரத்தில்தான் தவறியிருக்கிறான். அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிஷாதத்தை வாசித்துக் காட்டினேன்.

பார்ட் 1935இல் பைதே என்ற சிற்றூரில் பிறந்தவர். தாலினில் ஹெய்னோ எல்லரிடம் படித்தார். எட்வர்ட் தூபின் போன்ற பெரிய இசையமைப்பாளர்களை உருவாக்கியவரும் இந்த எல்லர்தான். தார்த்துவில் இன்றும் அவர் பெயரில் இசைப்பள்ளி நடக்கிறது. குரு பரம்பரை என்று நாம் சொல்வது அங்கேயும் இருக்கிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில் பார்ட் சில ஆண்டுகள் ஏறக்குறைய எழுதாமலே இருந்து, பழைய தேவாலயப் பாடல்களைப் படித்தார். 1976இல் புதிய முறையோடு திரும்பி வந்தார். அதைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், அதனோடு போகும் இன்னொரு குரல் ச, க, ப மூன்றைத் தவிர எதையும் தொடாது. உடனே செய்தும் பார்த்தோம். பெரியவர்கள் நால்வர் சரளி வரிசையை விளம்பத்தில், மெதுவாக வாசிக்க, சின்னவர்கள் பக்கத்தில் எந்த ஸ்வரம் இருக்கிறதோ அதற்கு ஏற்ப ச, க, ப மூன்றில் ஒன்றைப் பிடித்தார்கள். ரி வந்தபோது ச உரசியது. க வந்தபோது சேர்ந்தது. தினமும் வாசித்துச் சலித்த வரிசை. அதற்குள் இப்படி ஒரு மணியோசை இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

எஸ்தோனியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம். மலேசிய இந்தியர்களைவிடக் குறைவு. அவர்கள் மொழியில் ஒலியின் அளவு மூன்று வகையாம்: குறில், நெடில், அதற்கும் மேல் ஒன்று. "நம் அளபெடை மாதிரி, பெரியம்மா" என்றாள் தங்கை மகள். 1869இல் தார்த்துவில் முதல் பாட்டுத் திருவிழா நடத்தினார்கள்; 1988இல் பல்லாயிரம் பேர் கூடிப் பாடியே விடுதலை கேட்டார்கள்; 1991இல் அது கிடைத்தது. இதையெல்லாம் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது அவர்களுடைய இசைக்கருவி அறக்கட்டளை. நல்ல வயலினும் செல்லோவும் வாங்கி, திறமையுள்ள இளைஞர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறார்கள். 1998இல் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆவிக், 2022இல் டென்மார்க்கில் நடந்த கார்ல் நீல்சன் வயலின் போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் வாசிப்பதும் அப்படிக் கொடுத்த பழைய இத்தாலிய வயலின்தான்.

எங்கள் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஐந்து வயலின். மூன்று என்னுடையவை. முந்நூற்றைம்பது மலேசிய வெள்ளிக்கு வாங்கிய வயலின் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஆறு மாதம் தாங்கினால் அதிகம். கம்பியை முறுக்கும் பிருடை ஊதிப்போய்த் திருகவே வராது, பலகை ஒட்டுவிடும். தார்த்துவில் நேர்மாறு. பனியில் நடந்து வந்த வாத்தியப் பெட்டியை உடனே திறக்க மாட்டார்களாம். அறையின் சூடு உள்ளே இறங்கும்வரை காத்திருப்பார்களாம். நம் பிள்ளைகளுக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும். கோயில் திருவிழாவுக்கு நாம் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். இதை நான் பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன்.

மூன்றாவது உருப்படி புதியது. எழுதியவர் ஒரு மாணவி. முதல் ஒரு நிமிடம் ஸ்வரமே இல்லை. கம்பியின் மேல் வில் உரசும் காற்றோசை மட்டும். பிறகு செல்லோவிலிருந்து ஒற்றை ஸ்வரம் எழுகிறது, வியோலா அதைத் தொட்டுவிட்டு விலகுகிறது. சில இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நால்வரும் அந்தப் புதிய எழுத்தைப் பார்டுக்குக் கொடுத்த அதே மரியாதையோடு வாசித்தார்கள். முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து கம்பளிச் சட்டை போட்ட பெண் எழுந்து மேடைக்குப் போனாள்.

"இவர்தான் எழுதியவரா? உயிரோடு இருக்கிறாரா?" என்று எங்கள் சின்னவள் கேட்டாள். ஒன்பது வயது அவளுக்கு. அவள் வாசித்த கீதம், வர்ணம் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் சுவரில் மாலை போட்ட படங்கள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டு ஸ்வரம் எழுதினார். அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினையே நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அவர்கள் காலத்தில் அதெல்லாம் புதிது. எஸ்தோனியாவில் 1979 முதல் தங்கள் நாட்டவர் எழுதும் புதிய இசைக்காகவே ஒரு விழா நடத்திவருகிறார்கள். நாங்களோ சென்ற வருடம் ஒரு விழாவுக்குப் போனோம். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த வர்ணத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, தெரிந்த சினிமாப் பாட்டு ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று நானும் பேசாமல் வந்தது தவறு.

மறுவாரம் நால்வர் குழு ஒன்று அமைத்தேன். மூவருக்கு வகுளாபரணத்தில் எளிய மெட்டு. ஒருவருக்குச் சுருதி மட்டும். சுருதிப் பெட்டியை அணைத்து வைத்தேன். யாரும் சுருதிக்கு முன்வரவில்லை. எப்போதும் பின்வரிசையில் உட்காரும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராமல் தவிக்கும் பையனிடம் கொடுத்தேன். வில் நுனிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் சத்தம் அறுந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். நுனி வருவதற்குச் சற்று முன் விரல்கள் தளர வேண்டும், மணிக்கட்டு முதலில் திரும்பி வில் பின்னால் வர வேண்டும். இருபது தடவை, முப்பது தடவை. ஒரு தடவை வில் திரும்பியதே கேட்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்த மூவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் பார்த்தார்கள்.

அன்றே எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாளக் கணக்கில் பதினாறு அட்சரம், சொந்தமாக. வீட்டில் தினமும் கேட்கும் சத்தம் ஏதாவது அதில் இருக்க வேண்டும்.

சின்னவளின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வீடு வளைவு மேட்டின் மேல் இருக்கிறது. இரவில் லாரி மேடேறும்போது கியர் மாறும் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் கதவுக்கு ஓடுவாளாம். ப-வில் தொடங்கி, விரலை எடுக்காமல் ம-வுக்கும் க-வுக்கும் வழுக்கி, மறுபடி ஏறும்படி எழுதியிருந்தாள். தாளம் ஓரிடத்தில் தப்பியது; நான் திருத்தவில்லை. பதினான்காவது அட்சரத்துக்குமேல் ஸ்வரம் எதுவும் இல்லை. பென்சிலால் இரண்டு கோடு போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "இங்கே எல்லோரும் நிறுத்த வேண்டும். சுருதி மட்டும் இருக்கட்டும். அப்பா இறங்குகிறார்."